வேகத்தைக் கூட்ட பயமா? 400 மீட்டர் துண்டுகளால் அந்தப் பயத்தை உடைத்த எமில் ஜாட்டோபெக்கின் கதை

காலையில் ஓடப் போகிறவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். மாசக் கணக்கா ஓடுறோம், தூரம் கூடுது, ஆனா வேகம் மட்டும் அங்கேயே நிற்குது. கொஞ்சம் ஸ்பீடு ஏற்றலாம்னு நினைச்சாலே உள்ளே ஒரு குரல் தடுக்கும்: இப்படி ஓடினா பாதியிலேயே மூச்சு முட்டி நின்னுடுவோம். கால் தயாராக இருந்தாலும் மனசு பிரேக் போடும்.

இந்த பிரேக்கை எப்படி எடுப்பது என்பதற்குத் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கி விடை கண்டவர் எமில் ஜாட்டோபெக். செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்தவர். ஒரே ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர். அவருக்கு முன்னும் பின்னும் இதை யாரும் செய்ததில்லை. ஆனால் தன் முதல் பந்தயத்துக்கு முன், தனக்கு உடம்பு சரியில்லை, ஓட முடியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்த ஆள்தான் இவர்.

பாட்டா தொழிற்சாலையில் ஒரு பையன்

நம்ம ஊர்க் கடைத்தெருக்களில் பார்க்கும் அதே பாட்டா செருப்பு கம்பெனியில்தான் கதை ஆரம்பிக்கிறது. அந்த நிறுவனம் பிறந்த இடம் இன்றைய செக் குடியரசில் உள்ள ஸ்லீன் நகரம். 1922 செப்டம்பர் 19 அன்று கோப்ரிவ்னிட்சே என்ற ஊரில், ஒரு தச்சரின் பெரிய குடும்பத்தில் பிறந்த எமில், 16 வயதில் வேலைக்காக ஸ்லீன் வந்து பாட்டா தொழிற்சாலையில் சேர்ந்தார்.

விளையாட்டில் அவருக்குப் பெரிய ஆர்வம் எதுவும் இல்லை. 18 வயதில், தொழிற்சாலையின் கண்டிப்பான விளையாட்டுப் பயிற்சியாளர் நான்கு பையன்களைக் கைகாட்டி, ஓட்டப் பந்தயத்தில் நீங்கள் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்த நால்வரில் எமிலும் ஒருவர். தான் பலவீனமானவன், ஓட லாயக்கில்லாதவன் என்று மறுத்துப் பார்த்தார். பயிற்சியாளர் விடவில்லை, டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சோதித்துவிட்டு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லை, ஓடித்தான் ஆகணும்.

ஓடத் தொடங்கியதும் ஜெயிக்கணும் என்ற ஆசை வந்துவிட்டது. சுமார் 100 பேர் ஓடியதில் எமில் இரண்டாவதாக வந்தார். தன்னைப் பற்றித் தான் வைத்திருந்த கணக்கு தப்பு என்று அவருக்கு முதல் முறையாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு உள்ளூர் தடகள கிளப்பில் சேர்ந்தார். அனுபவமுள்ள ஓட்டக்காரரான யான் ஹலூஸா ஆரம்ப காலத்தில் அவருக்கு வழிகாட்டினார்.

தொலைதூரம் ஓடுறவனுக்கு 100 மீட்டர் எதுக்கு?

அந்தக் காலத்தில் நீண்ட தூரம் ஓடுபவர்கள் பெரும்பாலும் நீண்ட தூரத்தையே பயிற்சியாகவும் ஓடினார்கள். நிதானமாக, ஒரே வேகத்தில், பல கிலோமீட்டர். எமில் வேறு மாதிரி யோசித்தார். மெதுவாக ஓடுவது தனக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதது வேகமாக ஓடுவதுதான், அப்படியிருக்க தெரிந்ததையே ஏன் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்யணும்? இதுதான் அவருடைய கேள்வி.

பின்லாந்தின் பாவோ நூர்மி அவருக்கு ஆதர்சம். 9 ஒலிம்பிக் தங்கம் வென்ற நூர்மியின் பயிற்சி முறையைப் பற்றிக் கிடைத்ததைப் படித்து, அதைத் தனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார். 100 மீட்டரை வேகமாக ஓடுவார், பிறகு மெதுவாக ஜாகிங் செய்து மூச்சைச் சரிசெய்வார், மறுபடியும் 100 மீட்டர். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 100 மீட்டர் என்பது குறுகிய தூர ஓட்டக்காரனின் வேலை, உனக்கு எதுக்கு என்று கேட்டார்கள். எமிலின் கணக்கு எளிமையானது: 100 மீட்டரை 20 தடவை ஓடினால் 2 கிலோமீட்டர். அப்போது அது குறுகிய தூர ஓட்டமே இல்லை.

இதைத்தான் இன்று இன்டர்வல் பயிற்சி என்கிறோம். இதை எமில் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மனியில் வோல்டெமர் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் ஏற்கெனவே இந்த வழியில் வேலை செய்திருந்தார். ஆனால் இவ்வளவு அதிக எண்ணிக்கையில், நாள்தோறும் செய்ய முடியும் என்று உலகத்துக்குக் காட்டியவர் எமில்தான்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

1948 வாக்கில் அவருடைய ஒரு நாள் பயிற்சி இப்படி இருந்தது:

5 முறை 200 மீட்டர்
20 முறை 400 மீட்டர்
மறுபடியும் 5 முறை 200 மீட்டர்
ஒவ்வொன்றுக்கும் நடுவே சுமார் 200 மீட்டர் ஜாகிங்

வேகமாக ஓடிய பகுதியை மட்டும் கூட்டிப் பாருங்கள். 1,000 + 8,000 + 1,000. மொத்தம் 10,000 மீட்டர். அதாவது ஒரு முழு 10,000 மீட்டர் பந்தயத்தின் தூரத்தை, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு, தினமும் வேகமாக ஓடியிருக்கிறார்.

அதே தூரத்தை நிற்காமல் அதே வேகத்தில் ஓடச் சொன்னால் உடம்பு சீக்கிரம் கைவிரித்துவிடும். துண்டு துண்டாக ஓடும்போது, ஒவ்வொரு துண்டும் முடித்துவிடக்கூடிய அளவில்தான் இருக்கும். நடுவில் வரும் ஜாகிங்கில் இதயத்துடிப்பு இறங்கும், அடுத்த துண்டுக்குக் கால் தயாராகும். முடிவில் பார்த்தால், ஒரே மூச்சில் ஓடியிருந்தால் தாங்கியிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு நேரம் உடம்பு அந்த வேகத்தில் இருந்திருக்கும். இதயம், நுரையீரல், தசை எல்லாமே அந்த வேகத்துக்குப் பழகும்.

மனசுக்கும் இதே கணக்குதான். வேகம்னா ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும் மனசிடம் நேற்று 20 முறை ஓடி 20 முறையும் முடித்தோமே என்று காட்ட ஒரு ஆதாரம் கிடைக்கிறது. எமிலின் தன்னம்பிக்கை ஊக்கப் பேச்சு கேட்டு வந்ததல்ல. தினமும் டிராக்கில் ஒவ்வொரு சுற்றாகச் சேர்த்து வைத்தது.

சில சோதனைகள் விபரீதமாகவும் போயின. வேலைக்குப் போகும் வழியில் வரிசையாக நின்ற பாப்ளர் மரங்களை வைத்து மூச்சை அடக்கிப் பழகினார். இத்தனாவது மரம் வரை மூச்சு விடக் கூடாது என்று இலக்கு வைத்து, நாள்தோறும் அதைக் கூட்டிக்கொண்டே போய், ஒருநாள் மயங்கி விழுந்தார். இதை யாரும் முயற்சி பண்ண வேண்டாம். போருக்குப் பின் ராணுவத்தில் சேர்ந்தவர், கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையிலும் பனியிலும் ஓடினார். கடினமான சூழலில் பழகிவிட்டால் பந்தய நாள் லேசாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

லண்டன் 1948: தங்கமும் ஒரு பாடமும்

10,000 மீட்டர் பந்தயத்தை அவர் ஓடத் தொடங்கியதே 1948 மே மாதத்தில்தான். இரண்டே மாதத்தில் லண்டன் ஒலிம்பிக். அந்தத் தூரத்தில் உலக சாதனை பின்லாந்தின் வில்யோ ஹெய்னோ கையில் இருந்தது.

எமிலிடம் ஒரு திட்டம் இருந்தது. ஒரு சுற்றுக்கு 71 விநாடி. பார்வையாளர் பகுதியில் இருந்த அவருடைய ஆட்கள் வேகம் சரியாக இருந்தால் வெள்ளைத் துணியையும், குறைந்தால் சிவப்புத் துணியையும் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் மற்றவர்கள் எவ்வளவு முன்னால் போனாலும் எமில் பதறவில்லை. சில சுற்றுகள் கழித்து சிவப்பு தெரிந்ததும் வேகத்தைக் கூட்டி முன்னிலைக்கு வந்தார். ஹெய்னோ துரத்திப் பார்த்து, முடியாமல் பாதியில் பந்தயத்தை விட்டு வெளியேறினார். எமில் 29 நிமிடம் 59.6 விநாடியில் ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த பிரான்ஸின் அலன் மிமூன் சுமார் 48 விநாடி பின்தங்கியிருந்தார்.

அடுத்து 5,000 மீட்டர். மழையில் நனைந்த டிராக். பெல்ஜியத்தின் காஸ்டன் ரைஃப் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். எமில் தங்கத்தைக் கைவிட்டுவிட்டார் என்றே தோன்றியது. கடைசிச் சுற்றில் திடீரென்று பாய்ந்தார். இடைவெளி மளமளவென்று குறைந்தது. ஆனால் கோடு வந்துவிட்டது. 0.2 விநாடியில் வெள்ளி. வேகம் அவரிடம் இருந்தது, அதை எடுக்கத்தான் தாமதமாகிவிட்டது.

ஹெல்சிங்கி 1952: எட்டு நாளில் மூன்று தங்கம்

1952-க்குள் எமில் 10,000 மீட்டர் உலக சாதனையைப் பலமுறை மாற்றி எழுதியிருந்தார். 1951-ல் ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய முதல் மனிதரும் அவரே. 1948 முதல் 1954 வரை 10,000 மீட்டரில் தொடர்ந்து 38 பந்தயங்கள் வென்றார்.

ஹெல்சிங்கிக்குக் கிளம்பும் முன்பே ஒரு மோதல். சக ஓட்டக்காரர் ஸ்டானிஸ்லாவ் யுங்விர்த்தின் அப்பா அரசியல் கைதி என்பதால், கம்யூனிஸ்ட் அரசு அவரை அணியிலிருந்து நீக்கியது. யுங்விர்த் வரவில்லை என்றால் தானும் வரப்போவதில்லை என்று எமில் சொல்லிவிட்டார். அணியின் விமானம் இவர்கள் இல்லாமலேயே கிளம்பியது. தங்க வாய்ப்பு மட்டுமல்ல, வேலையும் சுதந்திரமும்கூட போகக்கூடிய நிலைமை. கடைசியில் அரசு இறங்கி வந்தது. இருவரும் ஹெல்சிங்கி போனார்கள்.

தொடக்க விழாவில் மைதானத்தில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியவர் எமிலின் ஆதர்சமான நூர்மி. ஜூலை 20 அன்று 10,000 மீட்டரில் எமில் எளிதாக வென்றார். ஜூலை 24 அன்று 5,000 மீட்டர் வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கைநழுவிய அதே பந்தயம்.

கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் எமில் பாய்ந்தார். ஆனால் பிரிட்டனின் கிறிஸ் சாட்டவே, ஜெர்மனியின் ஹெர்பர்ட் ஷாடே, மிமூன் மூவரும் அவரைத் தாண்டிவிட்டார்கள். 200 மீட்டர் மிச்சம் இருக்கும்போது எமில் நான்காவது இடம். பதக்கமே இல்லாமல் போயிருக்கலாம். இந்த முறை அவர் தாமதிக்கவில்லை. கடைசி வளைவில் வெளிப்பக்கமாக வந்து மூவரையும் கடந்தார். சாட்டவே உள் ஓரக்கட்டையில் கால் இடறி விழுந்தார். சுமார் 58 விநாடியில் அந்தச் சுற்றை முடித்து, 14 நிமிடம் 6.6 விநாடியில் தங்கம். ஆயிரக்கணக்கான தடவை ஓடிப் பழகிய அதே 400 மீட்டர்தான் அது.

அன்றைக்கே, சற்று நேரத்தில், அவருடைய மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். கணவன், மனைவி இருவரும் பிறந்தது ஒரே ஆண்டு, ஒரே நாள். ஒலிம்பிக் தங்கமும் ஒரே நாளில்.

அடுத்து ஜூலை 27, மாரத்தான். அதற்கு முன் எமில் மாரத்தானே ஓடியது கிடையாது. அந்தத் தூரத்தின் அப்போதைய ஜாம்பவான் பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ். அவர் பின்னாலேயே போனால் சரியாக இருக்கும் என்று எமில் முடிவு செய்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பீட்டர்ஸிடம், இந்த வேகம் போதுமா என்று விசாரித்தார். ஏற்கெனவே தன் சக்திக்கு மீறி ஓடிக்கொண்டிருந்த பீட்டர்ஸ், எமிலைக் குழப்புவதற்காக, வேகம் ரொம்பக் குறைவு என்று சொல்லிவைத்தார். எமில் அதை அப்படியே நம்பி வேகத்தைக் கூட்டிவிட்டார். பீட்டர்ஸ் தசைப்பிடிப்பால் பாதியில் விலகினார். எமில் 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடியில், இரண்டாவது ஆளைவிட இரண்டரை நிமிடம் முன்னதாக ஸ்டேடியத்துக்குள் வந்து முடித்தார். மூன்றும் தங்கம், மூன்றும் ஒலிம்பிக் சாதனை.

அழகாக ஓடத் தேவையில்லை

எமில் ஓடுவதைப் பார்த்தால் இப்பவோ அப்பவோ விழுந்துவிடுவார் போல இருக்கும். முகம் கோணும், தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், மூச்சுச் சத்தம் தூரத்தில் கேட்கும். அதனாலேயே செக் ரயில் இன்ஜின் என்று பட்டப்பெயர். ஓடுவதையும் சிரிப்பதையும் ஒரே நேரத்தில் செய்கிற திறமை தனக்கு இல்லை என்று அவரே கிண்டலடித்துக்கொள்வார். பக்கத்தில் ஓடுகிறவர்கள் எவ்வளவு ஸ்டைலாக ஓடுகிறார்கள் என்று பார்த்துக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது ஒரு ஆறுதல். அவர் பார்த்தது கடிகாரத்தைத்தான், கண்ணாடியை அல்ல.

அளவுக்கு மிஞ்சினால்?

1954-ல் அவர் 400 மீட்டரை ஒரே நாளில் காலை 50, மாலை 50 என்று 100 முறை ஓடியதாகச் சொல்வார்கள். வேகப் பகுதி மட்டுமே 40 கிலோமீட்டர். அந்த ஆண்டு மே 30 அன்று பாரிஸில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 57.2 விநாடியில் ஓடி, 12 ஆண்டுகளாக நின்ற சாதனையை உடைத்தார். இரண்டே நாளில், ஜூன் 1 அன்று பிரஸ்ஸல்ஸில் 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.2 விநாடியில் முடித்தார். 29 நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தை ஓடிய முதல் மனிதர்.

ஆனால் உடம்புக்கு ஓர் எல்லை உண்டு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு முன் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அந்த மாரத்தானில் அவருக்கு 6-வது இடம். வென்றவர், பலமுறை அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த மிமூன். தங்கம் வென்ற மிமூன் எல்லைக்கோட்டில் எமிலுக்காகக் காத்து நின்றார். களைத்து வந்து சேர்ந்த எமில், செய்தி தெரிந்ததும் நண்பனுக்கு சல்யூட் அடித்துக் கட்டிப்பிடித்தார்.

எனவே எமிலிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கையை அல்ல, முறையை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்:

முதல் 10-15 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்க.

வழக்கமான வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக 200 அல்லது 400 மீட்டர் ஓடுங்க. முழு வேகம் வேண்டாம். பிறகு மூச்சு சீராகும் வரை ஜாகிங் அல்லது நடை.

ஆரம்பத்தில் 4 முதல் 6 முறை போதும். கடைசித் துண்டையும் முதல் துண்டின் அதே வேகத்தில் முடிக்க முடிந்தால் அளவு சரி. முடியவில்லை என்றால் அதிக வேகத்தில் ஆரம்பித்திருக்கீங்க என்று அர்த்தம்.

வாரத்துக்கு ஒரு நாள் போதும். மற்ற நாட்கள் நிதானமான ஓட்டம். நேரத்தைக் குறித்து வையுங்க, அடுத்த முறை மனசு தயங்கும்போது அதை எடுத்துப் பார்க்கலாம்.

நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்க. ஏற்கெனவே இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

டிராக்குக்கு வெளியே

1966-ல் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க், எமிலைப் பார்க்க பிராக் வந்தார். உலக சாதனைகள் பல செய்தும் ஒலிம்பிக் தங்கம் கிடைக்காத ஓட்டக்காரர் அவர். விடைபெறும்போது எமில் ஒரு சின்னப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். பிறகு பிரித்துப் பார்த்தால், உள்ளே 1952-ல் 10,000 மீட்டருக்காக எமில் வென்ற தங்கப் பதக்கம்.

இரண்டே ஆண்டில் எமிலின் வாழ்க்கை தலைகீழானது. 1968-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் சுதந்திரம் கேட்டு எழுந்த பிராக் வசந்தம் இயக்கத்தை அவர் ஆதரித்தார். ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் நுழைந்தபோது, தெருவில் இறங்கி அந்த வீரர்களிடமே வாதாடினார். விளைவு: கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கம், ராணுவ வேலை போனது. நிலத்தைத் துளையிடும் குழுவில் கூலி வேலை. வீட்டையும் மனைவியையும் விட்டு, பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தார்.

இந்தப் பந்தயத்தில் அவர் கடைசி வரை தாக்குப்பிடிக்கவில்லை. அழுத்தம் தாங்காமல், தன் பழைய நிலைப்பாட்டிலிருந்து வெளிப்படையாகப் பின்வாங்கினார். கூடப் போராடியவர்கள் சிலருக்கு அது பெரிய ஏமாற்றம். டிராக்கில் ஒரு சுற்று முடிந்தால் மூச்சு வாங்க அடுத்த 200 மீட்டர் இருக்கும். ஒரு சர்வாதிகார அரசு அப்படி இடைவெளி விடுவதில்லை.

கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பிறகு, 1990-ல் ராணுவம் அவரிடம் மன்னிப்புக் கேட்டு மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது. 2000 நவம்பரில், 78 வயதில், பிராக்கில் எமில் காலமானார். தேசிய நாடக அரங்கில் நடந்த இறுதி நிகழ்வுக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஓட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். டானா 2020 வரை வாழ்ந்தார்.

எமில் செய்த உலக சாதனைகள் 18. எல்லாமே பின்னால் வந்தவர்களால் முறியடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் முறியடித்தவர்களில் பெரும்பாலானோர் பயிற்சியில் செய்தது ஒன்றுதான். வேகமாக ஒரு சுற்று, மூச்சு வாங்கக் கொஞ்சம் ஜாகிங், மறுபடியும் ஒரு சுற்று.